நிற்காத உலையின் நானூறாவது நாள்

நிலையத்தின் வாசலில் ஒரு பெரிய பலகை உண்டு. 'நம் உலை நிற்காமல் ஓடும் நாள்கள்' என்பது அதில் நிரந்தர எழுத்து. அதற்குக் கீழே உள்ள எண் மட்டும் தினமும் காலை ஒன்பது மணிக்கு மாறும். அன்று அது 391 காட்டியது. உலை செத்து அன்றோடு இருபத்தாறு நாள் ஆகியிருந்தது.

செத்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்ல அங்கே யாருக்கும் அதிகாரம் கிடையாது. கழிவுச்சேறு எரிப்பு வாரியம் என்றால் லேசுப்பட்ட இடமா? சேற்றை எரிக்கிறதோ இல்லையோ, அதைப் பற்றி எழுதுவதற்கு ஏழு பிரிவுகள் இருந்தன. ஏழும் ஒன்றாகக் கூடி, உலை 'ஆழ்ந்த நிதானத்தில் இயங்குகிறது' என்று எழுதிவிட்டன. எழுதின பிறகு மறுபேச்சு ஏது?

அந்த உலையைப் பதினொரு வருஷமாக ஓட்டுகிறவருக்கு மணலண்ணன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் மணலைப் பற்றித்தான் பேசுவார். பேச விஷயமும் இருந்தது. ஊர் கழுவிவிட்டது, கழித்துவிட்டது எல்லாம் சாக்கடை வழியே வந்து, தண்ணீர் பிழிந்த பிறகு, கறுப்பாகக் களிபோல மிஞ்சுமே ஒரு சேறு, அதை எரிக்கிற உலை அது. உள்ளே விறகும் கிடையாது, கரியும் கிடையாது. இரண்டு மாடி உயர இரும்பு உருளைக்குள் இடுப்பளவு மணல்தான். மணலுக்கு அடியில் நூற்றுக்கணக்கான குழாய் வாய்கள். அவற்றின் வழியே காற்றை ஊதினால் மணல் மிதக்கும், மிதந்து தளதளவென்று கொதிக்கும். கொதிக்கிற சூட்டு மணலில் சேற்றைத் தள்ளினால் நாலு மூச்சு விடுவதற்குள் சாம்பலாகி மேலே பறந்துவிடும். மணல் ஆடுகிற வரைக்கும்தான் அது உலை, ஆடாவிட்டால் வெறும் பானை என்பார் மணலண்ணன்.

அந்த மணலைக் கொன்றது ஒரு விழா. உலை ஓடத் தொடங்கி முந்நூற்று அறுபத்தைந்து நாள் ஆனபோது, எண்ணூற்று ஐம்பது டிகிரியில் ஓட வேண்டிய உலைக்கு, 'ஆண்டு நிறைவை முன்னிட்டு மக்களுக்குக் கூடுதலாக நூறு டிகிரி' என்று தலைமை அலுவலகம் உத்தரவு போட்டது. மணலண்ணன் நிலைய மேலாளரிடம் ஓடினார். மணல் தாங்கும், சாம்பல் தாங்காது, அது பாகு மாதிரி இளகி மணலை ஒட்டிவிடும், ஒட்டினால் உள்ளே மணல் இருக்காது, பாறைதான் இருக்கும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். மேலாளர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். யார் எதைச் சொன்னாலும் முழுக்கக் கேட்பார், அத்தோடு சரி. கேட்டுவிட்டு, குறைத்துக் கொடுத்தால்தான் சேவைத்துறைகளில் மனு வரும், கூட்டிக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வதற்கு விதியே இல்லை என்று சொல்லிவிட்டார்.

அன்று மதியம் மூன்று மணிக்கு உலையின் சத்தம் மாறியது. கொதிக்கிற இரைச்சல் நின்று, ஓட்டைப் பல்லில் காற்று போவதுபோல ஒரு விசில் கேட்டது. ஆடிக்கொண்டே இருக்கும் அழுத்தமானியின் முள் படுத்துக்கொண்டது. மணலண்ணன் அதன் முன்னால் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். வெளியே அதே நேரத்தில் கைதட்டல் கேட்டது.

நெருப்பை அணைத்து, கல்லை உடைத்து அள்ளி, புது மணல் போட்டால் பத்தே நாளில் உலை பிழைத்துவிடும். ஆனால் நெருப்பு தானாக அணைந்ததே ஒழிய, அணைத்ததாக யாரும் எழுதவில்லை. கட்டுப்பாட்டு அறையின் திரையைப் 'பயிற்சி முறை'யில் போட்டார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பழகுவதற்காக வைத்த முறை அது. அதில் உலை எப்போதும் எண்ணூற்று ஐம்பது டிகிரியில் சமத்தாக ஓடிக்கொண்டிருக்கும்.

திரை பொய் சொல்லும், சேறு சொல்லுமா? தினமும் பதினெட்டு லாரிச் சேறு வந்துகொண்டே இருந்தது. உலை வாங்காத சேற்றை முற்றத்தின் மேற்கு மதிலோரம் கொட்டினார்கள். அந்த இடத்துக்குத் 'தற்காலிக ஓய்விடம்' என்று பெயர்ப்பலகைகூட வந்துவிட்டது. இருபத்தாறு நாளில் ஓய்வெடுத்த சேறு மதிலின் உயரத்துக்கு ஏறியிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் மணலண்ணனின் அக்கா படுத்திருந்தாள்.

அக்கா தையல்காரி. அம்மா போன பிறகு தையல் மெஷினை மிதித்தே தம்பியை ஆளாக்கினவள். அவள் புருஷன் வாரியத்தில் லாரி ஓட்டிச் செத்துப்போனதற்காக மதிலையே பின்சுவராகக் கொண்ட ஐந்து வீடுகளில் ஒன்று அவளுக்கு ஒதுக்கப்பட்டது. மூன்று மாதம் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து கட்டில்தான். கட்டில் மதிலோரம். ஒரே அறை வீட்டில் வேறு எங்கே போடுவது?

மதில் புடைக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான். மேலே ஒரு ஆணி அடிக்கச் சொல்லி, நூலில் நூல்கண்டைக் கட்டித் தொங்கவிட்டாள். முதல் வாரம் நூல் சுவரை உரசாமல் நேராகத் தொங்கியது. பிறகு சுவரின் வயிறு நூல்கண்டைத் தொட்டது. பிறகு தள்ளியது. மணலண்ணன் வேலை முடிந்து வந்ததும் முதல் காரியமாக, சுவர் எவ்வளவு முன்னே வந்திருக்கிறது என்று விரலை அடுக்கிப் பார்ப்பார். 391ஆம் நாள் அது நான்கு விரற்கடை.

"என் ரூமுக்கு வந்துடுக்கா" என்று அவர் கெஞ்சாத நாள் இல்லை. அவள் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்து நீட்டுவாள். மதில் உறுதியாக இருப்பதால் அச்சப்பட அவசியமில்லை. அவசியமில்லாத அச்சத்தால் வீட்டைக் காலி செய்வோரின் ஒதுக்கீடு அன்றே ரத்தாகும். பக்கத்து நான்கு வீட்டுக்காரர்களும் அப்படித்தான் வீட்டை இழந்து, சொந்தக்காரர்கள் வீட்டு வராந்தாக்களில் கிடந்தார்கள்.

"நான் இருந்தா நான் போயிடுவேன். நான் போனா வீடு போயிடும்" என்றாள் அக்கா. "எனக்கு வயசாயிடுச்சுடா தம்பி. வீட்டுக்கு இன்னும் வயசு இருக்கு."

 மறுநாளே மணலண்ணன் ஒரு நாள் விடுப்பு போட்டுத் தலைமை அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே உலையை நிறுத்த அனுமதிக்கும் பிரிவுக்குத் 'தொடர் இயக்கப் பிரிவு' என்று பெயர். பதினெட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். உலை நிற்காமல் இருக்கும்வரை அந்தப் பிரிவும் இருக்கும் என்பது அதைத் தோற்றுவித்த ஆணையின் முதல் வரி. பிரிவின் அதிகாரி ஒரு மேடம். மணலண்ணனை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, விண்ணப்பத்தை வரி வரியாகப் படித்தார்.

"உலை ஓடலைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம். இருபத்தேழு நாளாச்சு."

"அப்புறம் எதை நிறுத்தச் சொல்றீங்க? ஓடுற உலையைத்தானே நிறுத்த முடியும். ஓடுதுங்கறதுக்கு சான்று வெச்சு எழுதுங்க, பரிசீலிக்கலாம்."

"ஓடுதுன்னு சான்று இருந்தா நான் ஏன் மேடம் நிறுத்தச் சொல்லப்போறேன்?"

மேடம் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, நீங்களே சொல்லிட்டீங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, மனசாட்சியோடு பேசினார். "தப்பா நினைக்காதீங்க. உலைன்னா இன்னிக்கு நிக்கும், நாளைக்கு ஓடும். பதினெட்டுக் குடும்பம் நின்னா ஓடுமா? நான் அந்தப் பக்கம் போறதே இல்ல. போனா பாக்கணும், பாத்தா எழுதணும்."

மாடி ஏறி மணல் வழங்கும் பிரிவுக்குப் போனார் மணலண்ணன். அங்கே சட்டம் இன்னும் எளிமை. நின்ற உலைக்குத்தான் மணல் தருவார்கள், நிற்காத உலைக்கு மணல் தந்தால் அது விரயம். நின்றதற்குக் கீழ்மாடியில் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். அவர் கீழே போய், மேலே போய், மறுபடி கீழே போய், நாலாவது முறை மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் படிக்கட்டுக்குப் பொறுப்பான பிரிவைச் சேர்ந்த ஒருவர் வந்து, அங்கே உட்காரக்கூடாது என்றார்.

அலைந்ததில் ஒரு பலன் கிடைத்தது. மதில் பிரிவிலிருந்து ஓர் அளவையாளர் அக்கா வீட்டுக்கு வந்தார். நாடாவைப் பிடித்தார், நூல்கண்டைப் பார்த்தார், கட்டிலில் கிடந்த அக்காவிடம் கால் நீட்டியிருப்பதற்கு மன்னிப்பு கேட்கச் சொல்லாத குறையாகச் சுற்றி நடந்தார். வீட்டுக்குள் ஐந்து விரற்கடை இடம் குறைந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். மணலண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா மதில் நகரலை" என்றார் அளவையாளர். "மதில் வாரியத்தோட நிரந்தரச் சொத்து. வீடு வெறும் ஒதுக்கீடு. வீட்டுக்குள்ள இடம் குறைஞ்சிருக்குன்னா, வீடுதான் மதில் பக்கம் நகர்ந்திருக்கணும்."

"மத்த மூணு சுவரையும் தூக்கிக்கிட்டு நானா தம்பி நகர்ந்தேன்? ஒண்ணுக்குப் போகவே எனக்கு ஆள் வேணும்" என்றாள் அக்கா.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். போகும்போது, மதிலுக்கு ஏதாவது ஆதரவு இருக்கிறதென்றால் அது இந்த வீடுதான் என்றும், அம்மா தைரியமாக இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தையையும் அறிக்கையில் சேர்த்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

398ஆம் நாள் மேலாளர் மணலண்ணனைத் தனியே கூப்பிட்டார். நானூறாவது நாளுக்கு வாரியத் தலைவரே வருகிறார். மாலை உண்டு, கல்வெட்டு உண்டு. அதோடு, கண்ணாடித் துவாரத்தின் வழியாக உலைக்குள் பார்க்கவும் ஆசைப்படுகிறார்.  இத்தனை வருஷத்தில் உலைக்குள் பார்க்க ஆசைப்பட்ட தலைவர் யாரும் கிடையாது.

"உள்ள இருட்டா இருக்கும் சார்" என்றார் மணலண்ணன்.

"அதான் நீங்க உள்ள போங்க. சிவப்பு காகிதம் சுத்தின டார்ச் ரெண்டு தர்றேன். கால்மணி நேரம் ஆட்டுங்க. ஊதுவிசிறியையும் கொஞ்சம் ஓடவிடறேன், சத்தத்துக்கு." மேலாளரின் கண்கள் கலங்கியிருந்தன. "பதிலுக்கு, சேத்தை மதிலை விட்டு நகர்த்தற மனுவை அவர் கையாலயே கையெழுத்து வாங்கித் தர்றேன். அவர் சந்தோஷமா இருக்கும்போது எதை நீட்டினாலும் போடுவாரு. என் புள்ளைங்க மேல சத்தியம்."

உலைக்குள் ஆள் இறங்க வேண்டுமானால் உலை நின்றதாகச் சான்று வேண்டும், வெளியே ஒரு காவலாள் வேண்டும், காற்றைச் சோதிக்க வேண்டும். நிற்காத உலைக்குள் இறங்குவதற்கு எந்தச் சான்றும் தேவைப்படவில்லை, ஏனென்றால் அப்படி ஒருவர் இறங்க முடியாது. பதினொரு வருஷமாக அந்த விதிகளைச் சுவரில் ஒட்டி வைத்தவரே மணலண்ணன்தான். நேர்மையான ஆள். பயிற்சித் திரையைப் பார்த்துப் பதிவேட்டில் ஒரு தடவைகூட அவர் கையெழுத்துப் போட்டதில்லை, மற்றவர்கள் போட்டார்கள். ஆனால் அன்று காலை நூல்கண்டு சுவரின் மேலேயே சாய்ந்து படுத்துவிட்டிருந்தது. விரல் அடுக்க அவருக்குக் கை வரவில்லை. சரி என்றார்.

நானூறாவது நாள் பதினொரு மணிக்கு, ஆள் நுழையும் வாயைத் திறந்து அவரை உள்ளே விட்டு, வெளியே பூட்டினார்கள். கல்லின் மேல் உட்கார்ந்தார். முன்னே ஒரு காலத்தில் கொதித்த மணல். அதில் பாதி எரிந்த சேற்றுக் கட்டிகள் பதிந்திருந்தன. தடவிப் பார்த்தார். அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்கையில் ஊதுவிசிறி ஓடத் தொடங்கியது.

அது அவர் எதிர்பார்த்த 'கொஞ்சம்' இல்லை. விரிசல்கள் வழியே காற்று பீறிட்டு, முப்பத்தைந்து நாளாகப் படிந்து கிடந்த சாம்பல் ஒரேயடியாக எழுந்தது. கண் தெரியவில்லை. மூக்கு, வாய், தொண்டை எல்லாம் சாம்பல். அவர் துண்டை வாயில் கட்டிக்கொண்டு, இரண்டு டார்ச்சையும் பிடித்து, மூச்சுக்குத் திணறித் திணறிக் கைகளை வீசினார். அந்தத் திணறல்தான் காரியத்தைக் கச்சிதமாக முடித்தது. சிவந்த சாம்பல் சுழன்று, குமுறி, மேலே எழுந்து, அசல் உலை ஒருநாளும் காட்டாத அழகில் கொதித்தது.

கண்ணாடிக்கு வெளியே தலைவரின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது.

"பாருங்க, எப்படிக் கொதிக்குதுன்னு! பதவிக்கு வந்த நாள்லேர்ந்து நான் இதுக்குள்ள ஒரு தடவகூடப் பாத்ததில்ல. ஏன்? நம்பிக்கை. பாக்கறவனுக்கு சந்தேகம் வரும், சந்தேகம் வந்தா வேலை வரும். இன்னிக்கு நெருப்பே நம்மளைப் பாத்துக் கையாட்டற மாதிரி இருக்கு எனக்கு."

நெருப்பு உண்மையிலேயே கையாட்டிக்கொண்டிருந்தது. கால்மணி நேரம் தாண்டியிருந்தது. மணலண்ணன் டார்ச்சால் இரும்புச் சுவரைத் தட்டினார். தட்டல் வெளியே கேட்டது. உலை தாளம் போடுகிறது என்று தலைவர் சொன்னார், கூட்டம் கைதட்டியது. அதுவரை அந்தப் பக்கமே வராத தொடர் இயக்க மேடம்தான் முதலில் கைதட்டியவர் என்று பிறகு சொன்னார்கள்.

ஒன்றரை மணிக்குத் திறந்தார்கள். மணலண்ணன் தவழ்ந்து வெளியே வந்து, கறுப்பாகக் கக்கினார். மேலாளர் அவர் முதுகைத் தடவிக்கொண்டே மனுவை நீட்டினார். சத்தியம் தவறாத மனிதர். தலைவர் கையால் எழுதியே வாங்கியிருந்தார். மணலண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

'உலையை நேரில் கண்டேன். மிகச் சிறப்பாக எரிகிறது. இப்படி எரிகையில் சேற்றுக் குவியல் தானே தீர்ந்துபோகும், நகர்த்தத் தேவையில்லை. உலையின் இந்த வலிமையை உத்தேசித்து, அண்டை ஊர்கள் இரண்டின் சேற்றையும் இன்று முதல் ஏற்க ஆணையிடுகிறேன்.'

வாசலில் புது லாரிகள் பின்பக்கமாக நுழையும் சத்தம் கேட்டது. மணலண்ணன் ஓடினார். ஐம்பத்துமூன்று வயதில், நுரையீரல் முழுக்கச் சாம்பலோடு, சாம்பல் பூதம்போல வாசலைத் தாண்டி, மதிலைச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

அக்கா கட்டிலை விட்டு எழ முடியாமல் கையூன்றிப் பாதி நிமிர்ந்திருந்தாள். சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். அந்தப் பக்கம் லாரி கொட்டும்போதெல்லாம் விரிசலிலிருந்து கறுப்பாகக் கசிந்தது.

"என்னடா இது கோலம்?" என்றாள். "கையெழுத்து போட்டாரா இல்லையா?"

"போட்டாரு. உலை நல்லா எரியுதாம். கண்ணால பாத்தாராம்."

"எரியுதா? அதுதான் கல்லாயிடுச்சேடா. என்னத்தடா பாத்தாரு?"

"என்னைத்தான்க்கா. நான்தான் எரிஞ்சேன்."

 அக்கா தம்பியின் முகத்தையே பார்த்தாள். புடவைத் தலைப்பால் அவர் கண்ணோரத்துச் சாம்பலைத் துடைத்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் துடைப்பாளே, அதே மாதிரி அழுத்தி. பிறகு சுற்றறிக்கையைத் தலையணைக்கு அடியிலேயே வைத்துவிட்டு, "வீடு கெடக்கட்டும். தூக்கு என்னை" என்றாள்.

முதுகில் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை வந்திருப்பார். பின்னால் பெரிய சத்தம்கூட இல்லை. யாரோ ஈரத்துணியை மாடியிலிருந்து போட்டதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது வீட்டு வாசல் வழியாகச் சேறு நிதானமாக வெளியே வந்துகொண்டிருந்தது. ஆழ்ந்த நிதானம் என்று வாரியம் எழுதியது இதைத்தான் போலிருக்கிறது.

மதில் விழுந்த ஒன்பதாம் நாள் அக்கா பெயருக்குக் கடிதம் வந்தது. மணலண்ணன் தன் அறையில், கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து படித்தார். நடுநடுவே இருமினார். 'தாங்கள் வசித்தவரை மதில் விழவில்லை என்பதும், தாங்கள் வெளியேறிய சில நிமிடங்களில் விழுந்தது என்பதும் பதிவாகியுள்ளன. மதிலுக்குத் தங்கள் வீடே ஆதரவு என்று அளவையாளர் முன்பே தெரிவித்திருந்தும், முன்னறிவிப்பின்றி ஆதரவை விலக்கிக்கொண்டதற்காகத் தங்கள் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று விளக்கம் அளிக்கவும்.'

அக்கா அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, பதில் எழுது என்றாள்.

"என்னன்னு எழுத?"

"தெரியாம செஞ்சிட்டேன்னு எழுது. வேற மதில் ஏதாவது இருந்தா சொல்லச் சொல்லு, போய் முட்டுக் கொடுக்கிறேன்னு எழுது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்க இடுப்பு வலித்தது. அவளுக்கு இருந்த ஆத்திரத்துக்கு அவளால் முடிந்தது அதுதான். மணலண்ணனும் ஆத்திரம் தீர அப்படியே எழுதி, தபாலில் போட்டுவிட்டார்.

வாரியத்தில் கிண்டலுக்கென்று ஒரு பிரிவு இல்லாததை இருவரும் மறந்துபோனார்கள்.

தபாலில் போட்ட பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது. விண்ணப்பதாரரின் பொறுப்புணர்வைப் பாராட்டி, அண்டை ஊர்ச் சேறு ஓய்வெடுக்கும் வடக்கு மதிலையொட்டி ஒரு வீடு அவருக்கு ஒதுக்கப்படுகிறது. ஏழு நாளுக்குள் குடியேறாவிட்டால் இனி எங்கும் ஒதுக்கீடு கிடையாது.

மணலண்ணனின் அறைச் சொந்தக்காரர், இரண்டு பேர் இருப்பதற்கு இது சத்திரமா என்று ஏற்கெனவே மூன்று தடவை கேட்டிருந்தார். அவர்களுக்குப் போக வேறு இடம் கிடையாது. ஏழாவது நாள் காலை, வாசல் பலகை 428 என்று காட்டிக்கொண்டிருக்கும்போது, மணலண்ணன் அக்காவை முதுகில் சுமந்துகொண்டு அதைத் தாண்டிப் போனார். புது வீட்டில் ஒரே அறை. கட்டிலை மதிலோரம்தான் போட முடிந்தது.

சாமான்களை இறக்கி வைத்துவிட்டு, வேறு என்ன வேண்டும் என்று கேட்டார். அக்கா சுவரை மேலும் கீழுமாக ஒரு தடவை பார்த்தாள்.

"ஒரு ஆணி அடி" என்றாள். "அந்த நூல்கண்டையும் எடு."